படுத்தால்தான் பேசுவார்களா? – பால்டர்ஸ் கேட் 3: சமநிலையும் தோழர்களும்

பால்டர்ஸ் கேட் 3 பற்றி எழுத வேண்டியவர்கள் எல்லாம் எழுதி முடித்துவிட்டார்கள். 2023 ஆகஸ்ட் 3 அன்று வந்த கேம். பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டூடியோஸ் செய்தது. அந்த வருஷத்துப் பெரிய விருதுகளை வாரிக்கொண்டு போனது. எழுத்து நன்றாக இருக்கிறது, குரல் நடிப்பு நன்றாக இருக்கிறது என்று நானும் ஒருமுறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. எனக்கு இருப்பது ஒரே கேள்விதான்: இந்த கேமை சிக்கனமாக, கவனமாக ஆடுகிறவருக்கு ஏன் கதை குறைவாகக் கிடைக்கிறது?

(முதல் பாகத்துக் கதை கொஞ்சம் வெளியே வரும். ஆடாதவர்கள் பார்த்துக்கொள்ளவும்.)

ஒரு நாள் கணக்கு

கேமின் அடியில் ஓடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகள். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட மேசை விளையாட்டு அது. லேரியன் எடுத்துக்கொண்டது 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பை. அந்தப் பதிப்பின் சமநிலை முழுக்க ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது. ஒரு சாகச நாளில் ஆறு முதல் எட்டு மோதல்கள் வரும், நடுவில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் கிடைக்கும், கடைசியில் ஒரு லாங் ரெஸ்ட். மந்திரவாதியின் ஸ்பெல் ஸ்லாட்டுகள் லாங் ரெஸ்ட்டில்தான் திரும்பும். வார்லாக்கின் ஸ்லாட்டுகள் ஷார்ட் ரெஸ்ட்டிலேயே திரும்பிவிடும்.

இதை நம்ம கேமில் வைத்துப் பார்ப்போம். மந்திரவாதி கேல், வார்லாக் வில், இரண்டு பேரும் 5-ஆம் லெவலில் இருக்கிறார்கள். கேலிடம் முதல் நிலை ஸ்லாட் 4, இரண்டாம் நிலை 3, மூன்றாம் நிலை 2, ஆக 9. வில்லிடம் இருப்பது வெறும் 2, ஆனால் இரண்டுமே மூன்றாம் நிலை. இருவருக்குமே ஃபயர்பால் தெரியும். இரண்டு ஷார்ட் ரெஸ்ட் உள்ள முழு நாளில் வில் 6 ஃபயர்பால் போடலாம். கேல், ஆர்க்கேன் ரிகவரியைச் சேர்த்தாலும், 3 தான் போடலாம். அதாவது நீண்ட நாளில் வில்தான் பீரங்கி. கேலுக்கு வகைவகையான சின்ன வித்தைகள் மிச்சம் இருக்கும். நியாயமான பங்கீடு.

இப்போது ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு போய்ப் படுத்துவிடுங்கள். வில்லுக்கு ஒரு சண்டைக்கு 2 ஸ்லாட், கேலுக்கு 9. பீரங்கி பட்டாசாகிவிட்டது. லேஸெல் நிலைமையும் இதுதான். அவளுடைய ஆக்‌ஷன் சர்ஜ் ஷார்ட் ரெஸ்ட்டில் திரும்பும் சரக்கு. தினமும் எட்டு முறை தூங்கும் ஊரில் அந்தச் சிறப்புக்கு மதிப்பே இல்லை.

வில் "சொத்தை" என்று பலர் எழுதியதைப் படித்திருக்கிறேன். சொத்தை வில் இல்லை, அவன் வாழும் நாள்தான் சுருங்கிவிட்டது.

மலையில் உட்கார்ந்த காய்

திருத்தணியில் நாங்கள் நாலு பேர் மாதம் ஒருமுறை மொட்டை மாடியில் டி அண்ட் டி ஆடுகிறோம். டன்ஜன் மாஸ்டராக இருப்பவர் நகரியிலிருந்து வரும் ஒரு அண்ணன். சண்டை முடிந்ததும் "ணா, லாங் ரெஸ்ட் போடலாமா?" என்று கேட்டால் அவர் முடியாது என்று சொல்வதே இல்லை. "படுத்துக்கோங்கப்பா, ஆனா கைதியை ராத்திரியே கொண்டு போயிடுவாங்க" என்பார். அவ்வளவுதான், எல்லாரும் எழுந்து நடப்போம். ஓய்வுக்கு ஒரு விலை இருந்தால் போதும், சமநிலை தானாக வந்துவிடும்.

இந்த உண்மை நம்ம பாட்டிகளுக்கும் தெரியும். தாயக்கட்டத்தில் குறுக்குக்கோடு போட்ட கட்டத்தை எங்கள் வீட்டில் மலை என்போம். மலையில் இருக்கும் காயை வெட்ட முடியாது. அதற்காக அங்கேயே குடியிருக்க முடியுமா? எதிராளி காய்களை நகர்த்திக்கொண்டே இருப்பார். பாதுகாப்பு உண்டு, ஆனால் நேரம் போய்க்கொண்டிருக்கும்.

பால்டர்ஸ் கேட் 3-ல் எதிராளி நகர்வதில்லை. லாங் ரெஸ்ட்டுக்கு 40 உணவுப்பொருள் அளவு வேண்டும், டாக்டிஷியன் நிலையில் 80. உணவோ பீப்பாய் பீப்பாயாகக் கிடைக்கிறது. எரிகிற விடுதி, பாறை சரிந்து உள்ளே மாட்டிக்கொண்ட நீர் என்று விரல் விட்டு எண்ணக்கூடிய சில இடங்களில்தான் தூங்கினால் விளைவு உண்டு. மற்றபடி உலகம் உங்களுக்காகக் காத்திருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தொடக்கத்தில் கேம் சொல்வது நேர்மாறு. மண்டைக்குள் புழு இருக்கிறது, சில நாளில் நீ மைண்ட் ஃப்ளேயராக மாறிவிடுவாய், ஓடு என்கிறது. லேஸெல் ஒவ்வொரு பேச்சிலும் அவசரப்படுத்துகிறாள். கதையை நம்பும் நல்ல ஆட்டக்காரர் என்ன செய்வார்? படுக்கவே பயப்படுவார்.

அங்கேதான் சிக்கல்

தோழர்களின் முக்கியமான காட்சிகள் பெரும்பாலும் முகாமில், லாங் ரெஸ்ட் போடும் இரவில் வருகின்றன. ஒரு இரவுக்கு ஏறக்குறைய ஒரு காட்சி. மற்றவை வரிசையில் நிற்கும். அடிக்கடி படுக்காதவருக்கு வரிசை நீண்டுகொண்டே போகும். முதல் பாகத்தைத் தாண்டினால் அவற்றில் சில அப்படியே காணாமல் போய்விடும்.

ஆக விதிகள் சொல்வது, "சேமித்து ஆடு, அப்போதுதான் வில்லும் லேஸெலும் தங்கள் அளவுக்கு நிற்பார்கள்." கதை சொல்வது, "அடிக்கடி படு, அப்போதுதான் அவர்கள் வாய் திறப்பார்கள்." வில்லை மதித்து ஆடினால் வில்லின் கதை கிடைக்காது. அவன் கதையைக் கேட்க வேண்டுமென்றால் அவனைப் பட்டாசாக்க வேண்டும். ஒரே கட்டிலில் சமநிலையையும் நட்பையும் சேர்த்துக் கட்டியதன் விளைவு இது. என் பார்வையில் கேமின் ஆகப்பெரிய வடிவமைப்புக் குறை இதுதான். கிராஃபிக்ஸ் கோளாறு என்றால் பேட்ச் வந்து சரியாகும், இது கோளாறு இல்லையே.

கோபம் வரக் காரணம், இதே கேம் வேறு இடங்களில் விதியையும் மனிதரையும் அழகாக முடிச்சுப் போடுகிறது. ஆஸ்டாரியன் ஒரு ராத்திரி உங்கள் கழுத்தைக் கடிக்க வருகிறான். அனுமதித்தால் மறுநாள் அவன் தெம்பாக இருப்பான், நீங்கள் இரத்தம் இழந்து தளர்ந்திருப்பீர்கள். அவன் மேல் உள்ள நம்பிக்கைக்கு உங்கள் டைஸ் விலை கொடுக்கிறது. கேல் உயிரோடிருக்க மந்திரப்பொருள்களைக் கேட்கிறான். பூட்ஸைக் கொடுப்பதா, மோதிரத்தைக் கொடுப்பதா என்று நீங்கள் பையைத் துழாவும் அந்த நிமிஷத்தில் அவன் பாரம் உங்கள் பாரமாகிறது. ஷேடோஹார்ட் ஃபயர் போல்ட் போட்டு ஓயாமல் தவறவிடுவதுகூட எனக்குப் பிடிக்கும். அது அறிவுத்திறனில் நிற்கும் மந்திரம், அவளுக்கு அது 10 தான். பூசாரிப் பெண்ணுக்குத் தன் குலத்தோடு வந்த வித்தை கைக்கு வரவில்லை. எண்களே ஒரு ஆளை வரைந்துவிட்டன.

1998-ல் வந்த முதல் பால்டர்ஸ் கேட்டில் பேச்சு குறைவு. ஆனால் ஜாஹைராவை அனுப்பினால் கணவன் காலிதும் கூடவே கிளம்பிவிடுவான். டைனாஹியரை மீட்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு இழுத்தடித்தால் மின்ஸ்க் பொறுக்கமாட்டான். காட்டில் படுத்தால் யாராவது வந்து தாக்கலாம். பாத்திரங்கள் மெல்லியவைதான், ஆனாலும் அவர்களுக்கென்று ஒரு கடிகாரம் இருந்தது.

மறுபக்கம்

லேரியன் ஏன் கடிகாரத்தைக் கழற்றியது என்பது புரிகிறது. ஷிஃப்ட் வேலைக்குப் போகிற என் மாமா பையன் வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் ஆடுவான். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் தூங்குவான். நேரக்கெடு வைத்திருந்தால் அவன் முதல் பாகத்தையே முடித்திருக்கமாட்டான். முடித்தான், கார்லாக்குக்காக அழுதான். அந்தத் தாராளத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் கேட்பது தாராளத்தைக் குறைக்கச் சொல்லி அல்ல. காட்சியை ஸ்பெல் ஸ்லாட்டிலிருந்து பிரித்தால் போதும். ஷார்ட் ரெஸ்ட் என்று ஒன்று இருக்கிறதே, நாலு பேர் நெருப்பைச் சுற்றி ஒரு மணி நேரம் உட்காருவது? அங்கே ஏன் யாரும் பேசுவதில்லை? ஒரு பட்டனைத் தட்டினால் ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது. சண்டை முடிந்த இளைப்பில்தானே மனிதர்கள் பேசுவார்கள்.

எங்கள் ஊர்க் கதையே அதுதான். சூரனை வென்ற முருகன் கோபம் தணிந்த இடம் என்பதால் தணிகை. கந்தசஷ்டிக்கு மற்ற முருகன் கோயில்களில் சூரசம்ஹாரம் நடக்கும்போது இங்கே நடப்பதில்லை, புஷ்பாஞ்சலிதான். போருக்குப் பிந்தைய ஓய்வுக்கே ஒரு மலையை ஒதுக்கி வைத்த ஊரிலிருந்து பார்க்கும்போது, ஓய்வை வெறும் ரீசார்ஜ் பட்டனாக்கியது கொஞ்சம் உறுத்துகிறது.

நான் ஆடும் விதம்

கேமுக்குள்ளேயே ஒரு சந்து இருக்கிறது. உணவு வைக்காமலும் படுக்கலாம். உயிரும் ஸ்லாட்டுகளும் பாதிதான் திரும்பும், ஆனால் இரவு வரும், பேச்சும் வரும். எனவே என் வீட்டு விதி மூன்று:

1. இரண்டு ஷார்ட் ரெஸ்ட்டையும் தீர்க்காமல் முழு லாங் ரெஸ்ட் கிடையாது.

2. பெரிய சம்பவம் எது நடந்தாலும் அன்று ஒரு அரைப்பட்டினி இரவு, கதைக்காக மட்டும்.

3. முகாமில் நிற்கும் விதர்ஸிடம் 100 பொன் கொடுத்து தோழர்களின் வகுப்பை மாற்றுவதில்லை. யாரையும் யாராகவும் மாற்றலாம் என்றால் அப்புறம் யார் வந்தால் என்ன?

இப்படி ஆடிய இரண்டாவது சுற்றில்தான் வில் எனக்கு ஆளாகத் தெரிந்தான். ஆறாவது ஃபயர்பாலை அவன் போட்டபோது கேலிடம் எதுவும் மிச்சமில்லை. அன்று ராத்திரி அவன் பேசவும் செய்தான். இரண்டையும் ஒரே நாளில் தரும் சரக்கு கேமிடம் இருக்கிறது. அதைச் சேர்த்துத் தருகிற வேலையை மட்டும் நம்மிடம் தள்ளிவிட்டார்கள்.