கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு சூடு

இலங்கைக்குப் போகிறவர்கள் கொழும்பைப் பாருங்கள், கண்டியைப் பாருங்கள். ஆனால் திருகோணமலை வரை போய்விட்டு, கன்னியா வெந்நீரூற்றில் குளிக்காமல் மட்டும் திரும்பிவிடாதீர்கள். அப்படியொரு குளியலை என் வாழ்நாளில் நான் குளித்ததில்லை!

திருகோணமலையிலிருந்து அனுராதபுரம் போகும் சாலையில் சுமார் 8 கிலோமீட்டர். கடல் காற்று பின்னால் நின்றுவிடும். வறண்ட காடும் பாறையும் தொடங்கும். செஞ்சி, திண்டிவனம் பக்கத்து ஆட்களுக்கு அந்த நிலமும் வெயிலும் பழகிய முகமாகத்தான் தெரியும். இந்தக் காய்ந்த மண்ணுக்குள்ளா வெந்நீர் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனேன்.

சதுரம் சதுரமாகக் கட்டிய ஏழு சிறு கிணறுகள், எட்டி நடந்தால் அடுத்தது வந்துவிடும் தூரத்தில். மூன்று, நான்கு அடிதான் ஆழம். அடித்தரை பளிச்சென்று தெரிகிற தெளிவு. உள்ளே இறங்குவதில்லை, ஓரத்தில் நின்று வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். முதல் வாளி தோளில் விழுந்ததும் உடம்பு ஒரு கணம் சிலிர்த்தது. இரண்டாவதில் கழுத்து நரம்பெல்லாம் தளர்ந்து இறங்கியது. பக்கத்தில் பேரனுக்குத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மா, "தம்பி, ஒரே கிணத்தில நிக்காதேங்கோ. அந்தப் பக்கத்துத் தண்ணியையும் வார்த்துப் பாருங்கோ, அது நல்ல சூடு" என்றார். "சரிங்கம்மா" என்று நகர்ந்தேன். ஆகா! ஒன்று வெதுவெதுப்பு, அடுத்தது இதமான சூடு, இன்னொன்றில் தோல் சிவக்கிறது. ஏறக்குறைய 35 டிகிரியிலிருந்து 42 டிகிரி வரை கிணற்றுக்குக் கிணறு மாறுகிறது. சில அடி இடைவெளியில் இத்தனை வேறுபாடு எப்படி என்று ஊற்றிக்கொண்டே வியந்தேன். வியந்துகொண்டே மறுபடி ஊற்றினேன்.

மார்கழி விடியலில் எங்கள் வல்லத்துப் பக்கம் பம்புசெட்டில் மோட்டார் போட்டால், தொட்டியில் விழும் தண்ணீர் ஆவி பறக்க வெதுவெதுப்பாக இருக்கும். அது காற்று குளிர்ந்திருப்பதால் தோன்றும் சூடு. வெயில் ஏறினால் அதே தண்ணீர் சில்லென்றிருக்கும். கன்னியாவில் உச்சிவெயிலில் மொண்டாலும் சூடு குறைவதில்லை. இத்தனைக்கும் இலங்கையில் எரிமலை கிடையாது. பெய்த மழை, கடினப் பாறையின் வெடிப்புகள் வழியே வெகு ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சூடு சுமார் 25 டிகிரி ஏறும். அங்கே சூடேறிய நீர் வேறொரு வெடிப்பைப் பிடித்து மேலே வருகிறது. 42 டிகிரிக்கு அது அரை கிலோமீட்டராவது கீழே போய் வந்திருக்க வேண்டும். மேலே வரும் வழியில் குளிர்ந்த நிலத்தடி நீர் எந்த ஊற்றில் எவ்வளவு கலக்கிறதோ, அந்த அளவுக்கு அதன் சூடு குறையும். இது தெரிந்த பிறகு அந்தத் தண்ணீரின் மேல் எனக்கு மரியாதை இன்னும் கூடிவிட்டது.

ஊர்க்காரர்களிடம் கேட்டால் இராவணன் கதையைச் சொல்வார்கள். தாய்க்கு இறுதிக் கடன் செய்யத் தண்ணீர் வேண்டி அவன் ஏழு இடத்தில் நிலத்தைக் குத்தினானாம், ஏழும் ஊற்றாயின. குத்தியவர் முதியவர் வடிவில் வந்த திருமால் என்றும் ஒரு வழக்கு உண்டு. அந்தக் கதை இன்றும் நடப்பில் இருப்பதுதான் என்னை உருக்கியது. திருகோணமலைத் தமிழர்கள் இறந்துபோன தங்கள் பெற்றோருக்கு 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்யவும், ஆடி அமாவாசையில் பிதிர்க்கடன் கழிக்கவும் இங்கே வருகிறார்கள். ஆகவே நண்பர்களே, கூச்சல் போட்டுக் கும்மாளம் அடிக்கிற இடம் இதுவல்ல. பக்கத்தில் யாரோ தன் தாயை நினைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கலாம்.

காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் சேருவதற்குள் ஏழையும் ஆற அமர அனுபவிக்கலாம். துண்டும் மாற்றுத்துணியும் கட்டாயம். குளித்த பிறகு பசி எடுக்கும் பாருங்கள், அதைத் தனியாக எழுத வேண்டும்! சாப்பிட்டுவிட்டு நேரே திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போங்கள். திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தலம், கடலுக்கு மேலே செங்குத்தான பாறையில் நிற்கிறது. அந்தப் பாறையில் உள்ள பிளவுக்கு இராவணன் வெட்டு என்றே பெயர். காலையில் கேட்ட கதையின் மற்றொரு பாதி அங்கே இருக்கிறது.

போவதும் பெரிய பாடில்லை. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் இருக்கிறது. 2023இல் நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தை அடுத்த காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பலும் தொடங்கியது. புறப்படும் முன் அது ஓடுகிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கு நேரடிப் பேருந்து உண்டு.

நான் அடுத்து மகா ஓயாவுக்குப் போகப் போகிறேன். அம்பாறை மாவட்டத்தின் உள்ளே இருக்கும் அந்த ஊற்றுகளின் சூடு 50 டிகிரியையும் தாண்டுகிறது. யாராவது கூட வருகிறீர்களா?