ஈர்ப்பு "சமமாகும்" இடம்

2024 ஜனவரி 6 அன்று ஆதித்யா எல்1 தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தப்போ, அது சூரியனின் ஈர்ப்பும் பூமியின் ஈர்ப்பும் சமமாகும் புள்ளி என்றுதான் தமிழில் பலரும் விளக்கினாங்க. வியாழனின் பாதையிலேயே சுற்றிவரும் ட்ரோஜன் சிறுகோள்களைப் பற்றி எழுதும்போதும் அதே வாக்கியத்தைத் தூக்கி ஒட்டிடறாங்க. எளிமையா இருக்கு, சரிதான். ஆனா உண்மை இல்லை.

கீரப்பாளையத்துல பத்தாவது படிக்கிற பையன் ஒருத்தன் கேட்டான்: "ரெண்டு பக்கமும் சமமா இழுத்தா, அப்புறம் எது சார் அதைச் சுத்த வைக்குது?" அந்த வாக்கியத்தை உடைக்க இந்தக் கேள்வியே போதும்.

கணக்கைப் பாருங்க. இரண்டு ஈர்ப்பும் உண்மையிலேயே சமமாகும் இடம் பூமியிலிருந்து சுமார் 2.6 லட்சம் கி.மீ., அதாவது நிலாவுக்கும் இந்தப் பக்கம். ஆதித்யா இருப்பதோ 15 லட்சம் கி.மீ. தள்ளி. அங்கே பூமியின் இழுவை சூரியனுடையதில் நூற்றுக்கு மூன்று பங்குதான். சூரியனுக்குக் கொஞ்சம் கிட்ட இருக்கும் பொருள் ஒரு வருஷத்துக்குள்ளேயே சுற்றை முடிச்சிடணும். பூமி பின்னாலிருந்து அந்த மூன்று பங்கை இழுத்துப் பிடிப்பதால்தான் அதுக்கும் சரியா ஒரு வருஷம் ஆகுது.

ட்ரோஜன்களிடம் வந்தா இந்த விளக்கம் இன்னும் மோசம். 1772-ல் லக்ராஞ்சு காட்டிய கணக்குப்படி சூரியன், வியாழன், சிறுகோள் மூன்றும் சமபக்க முக்கோணத்தின் முனைகள். இரண்டிலிருந்தும் ஒரே தூரம். சூரியனோ வியாழனைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் கனம். அப்போ இழுவையும் ஆயிரம் மடங்குக்கு மேல். இதில் "சமம்" எங்கே வந்தது? இரண்டு இழுவையும் சேர்ந்து, சூரியன்-வியாழன் ஜோடியின் பொது மையத்தை நோக்கி இழுக்குது. வியாழனைப் போலவே ஏறக்குறைய 12 வருஷத்துக்கு ஒரு சுற்று வர எவ்வளவு இழுவை வேணுமோ, சரியா அவ்வளவு. பையன் கேட்டதுக்குப் பதில் இதுதான்: மிச்சமிருக்கிற இழுவைதான் சுத்த வைக்குது.

ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரத்தில் ஐந்து தேரும் ஒரே வீதிகளில் ஒன்றன்பின் ஒன்றாக வர்ற மாதிரின்னு சொல்லலாமா? பாதை ஒண்ணு என்கிற வரைக்கும் சொல்லலாம். ஆனா தேர் தேரடியில் அசையாம நிக்கும். ட்ரோஜன் அந்தப் புள்ளியில் நிக்கிறதே இல்லை. முந்தும், பின்தங்கும், திரும்ப வரும். இப்படி ஒரு ஊசலுக்கே சுமார் 150 வருஷம் ஆகும். 1906-ல் ஹைடல்பர்க்கில் மாக்ஸ் வோல்ஃப் கண்டுபிடிச்ச முதல் ட்ரோஜன் அகிலீஸ், அதுக்கப்புறம் அந்த ஊசலில் ஒன்றைக்கூட இன்னும் முடிக்கலை. (டிராய் வீரன் ஹெக்டரோட பேர் கிரேக்க அணியில் மாட்டிக்கிட்ட கதை தனி.)

"சமநிலைப் புள்ளி" என்ற சொல்லோட எனக்குச் சண்டை இல்லை. "சம ஈர்ப்புப் புள்ளி" என்பதை மட்டும் பாடக் குறிப்பிலிருந்து எடுத்துடுங்க. அதுக்குப் பதிலா "வியாழனோடு சேர்ந்தே சுற்றும்படி ஈர்ப்பு அமையும் இடம்" என்று எழுதலாம். மூணு சொல் கூடும், அவ்வளவுதான்.