பெரட்டுத் தப்பும் கூத்துத் தப்பும்: ஊவாத் தோட்டங்களின் தாளநுட்பம் குறித்து

தமிழிற் கலைவிமர்சனம் என்று வழங்குவது பெரும்பாலும் சொல்லைப் பற்றிய விமர்சனமே. கூத்தை ஆராயப் புகுந்தாலும் அதன் பாடலை ஏட்டில் ஏற்றி, கதைமூலத்தைத் தேடி, சமூகப் பின்னணியை விளக்கியதும் பணி முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது. அக்கூத்தை விடியும்வரை தாங்கி நிற்கும் தோற்கருவியாளன் அடிக்குறிப்பில் ஒரு வரியாகிவிடுகிறான். மலையகத் தப்புக்கு நேர்ந்ததும் இதுவே. ஒரு சாரார் அதனை இரைச்சலென ஒதுக்கினர். முற்போக்கு அணியைச் சேர்ந்த பலர் அதனை எழுச்சியின் குரலென வாழ்த்தினர். இகழ்ந்தவரும் வாழ்த்தியவரும் ஒன்றில் ஒத்திருந்தனர்: அடிப்பவனின் கை என்ன செய்கிறது என்பதை இரு சாராரும் உற்றுக் கேட்கவில்லை. பதுளையைச் சுற்றியும் கொஸ்லந்தை, மீரியபெத்த, பூனாகலைப் பகுதியிலும் பரந்து கிடக்கும் தோட்டங்களின் தப்பை முன்வைத்து அந்தக் கையின் நுட்பத்தை மதிப்பிடுவதே எமது நோக்கம்.

உழைப்பிலிருந்து தாளம் பிறந்தது என்பது மார்க்சிய அழகியலாளர் பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து. கார்ல் பூஹர் 1896இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக முன்வைத்தார். ஜோர்ஜ் தொம்சன் அதனைக் கவிதையின் தோற்றத்துக்குப் பொருத்திக் காட்டினார். தொம்சனிடம் ஆய்வு செய்த கைலாசபதி, சிவத்தம்பி ஆகியோர் வழியாக இக்கருத்து எமது பல்கலைக்கழகங்களில் வேரூன்றியது. துடுப்பு வலிப்போரும் நெல் குற்றுவோரும் தம் உடலசைவை ஒழுங்குசெய்யப் பாடினர்; அந்த ஒழுங்கே தாளமாயிற்று என்பது இதன் சாரம். குடியானவன் வயலுக்கு இது பொருந்தும். பெருந்தோட்டத்துக்கு இதனை அப்படியே பொருத்த இயலாது.

ஏனெனில், தோட்டத்தில் தாளம் உழைப்பிலிருந்து எழவில்லை, உழைப்பின்மீது சுமத்தப்பட்டது. கோப்பிக் காலத்திலும் அதன்பின் வந்த தேயிலைக் காலத்திலும் இருள் விலகுமுன் லயன்களை எழுப்பியது தப்பொலி. தொழிலாளர் அணிவகுத்து நிற்க, கங்காணியும் கணக்கப்பிள்ளையும் ஆள் எண்ணி வேலை பிரித்தனர். 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லே தோட்டத்து நாவிற் 'பெரட்டு' ஆயிற்று என்பர். இங்கிலாந்தின் ஆலைத்தொழிலாளர்மீது கடிகார நேரம் எவ்வாறு சுமத்தப்பட்டது என்பதை ஈ.பி. தொம்சன் 1967இல் எழுதிய கட்டுரை விளக்குகிறது. அங்கு கடிகாரமும் ஆலைமணியும் செய்த வேலையை இங்கு மாட்டுத்தோல் செய்தது. (லயன் என்பதை எம்மக்கள் 'லயம்' என்றும் சொல்வர். இசையின் லயமும் பத்தடி அறையும் ஒரே சொல்லுக்குள் அடங்கியது தற்செயலே. ஆயினும் பொருத்தமான தற்செயல்.) பின்னர் பல தோட்டங்களில் சங்கும் மணியும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. பெரட்டு ஒலிக்குப் பணிந்து வெளிவராமையே தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின் முதல் வடிவம் என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். 1940இல் பதுளைக்கு அருகே வேவெஸ்ஸ தோட்டத்தில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தை எண்ணும்போது, தொழிலாளர் எந்த ஒழுங்கை மறுத்தனர் என்பதையும் சேர்த்தே எண்ணுதல் தகும்.

பெரட்டுத் தப்புக்கு வேண்டியது சமனான அடி. அழைப்புக்கு அழகு தேவையில்லை. ஐயத்துக்கிடமில்லாத ஒழுங்கு போதும். இதே கருவி, இதே கை, மாசி மாதத்துக் காமன் கூத்தில் முற்றிலும் வேறொன்றாகிறது. கட்டளைக் கருவி கலைக்கருவியாகும் இந்த மாற்றம் உலகில் வேறெங்கு நிகழ்ந்தது என்று தேடினால், ஜாஸ் இசையின் மேளக்காரர்களிடமே அதற்கு நெருங்கிய உறவைக் காண்கிறோம்.

வட அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1739இல் அடிமைகள் மேளம் கொட்டி அணிவகுத்துக் கிளர்ந்தனர். மறு ஆண்டுச் சட்டம் அவர்கள் மேளம் வைத்திருப்பதையே தடைசெய்தது. பின்னாளில் கறுப்பின மக்களின் கைக்கு வந்து சேர்ந்த பக்கமேளம் இராணுவ அணிவகுப்பின் மேளம். அவ்வணிநடையின் நாலடிச் சமன்பாடு தொடக்ககால ஜாஸிலும் நீடித்தது. காலால் உதைக்கும் பெருமேளம் ஒவ்வோர் அடியையும் எண்ணிச் சொல்லிற்று. கென்னி கிளார்க் (1914–1985) அந்த எண்ணும் வேலையைப் பெருமேளத்திலிருந்து எடுத்து, தொங்கும் தாளத்தட்டின்மேல் மெல்லிய குச்சியோட்டமாக வைத்தார். விடுபட்ட பெருமேளம் எதிர்பாராத இடங்களில் மட்டும் பேசலாயிற்று. மாக்ஸ் ரோச் (1924–2007) இதனை மேலும் நுண்மையாக்கினார். 1966இல் வெளிவந்த அவரது இசைத்தட்டொன்றில் மேளம் மட்டுமே ஒலிக்கும் உருப்படிகள் உள. அவற்றுள் மூன்றடி நடையில் அமைந்த ஒன்றில் கால்கள் இரண்டும் மாறாத சுழற்சியைக் காக்கின்றன. கைகளோ சிறு சொற்கட்டொன்றைச் சொல்லிவிட்டு மௌனமாகின்றன. கைகள் நின்ற இடைவெளியில் கால்களின் சுழற்சியை நாம் புதிதாகக் கேட்கிறோம். வேகத்தையும் வலுவையும் காட்டிக் கைதட்டல் பெறும் வித்தை அன்று இது. எதை அடிக்காமல் விடுவது என்ற தெரிவே இங்கு கலையாகிறது.

இனித் தப்புக்கு வருவோம். மரச்சட்டம், அதன் ஒருபக்கத்தில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுத்த தோல், இரண்டு குச்சிகள்: கருவி இவ்வளவே. இடக்கை சட்டத்தைத் தோளோடு அணைத்துக்கொண்டே நீண்ட மெல்லிய குச்சியையும் பிடித்திருக்கும். வலக்கையிற் குட்டையான தடித்த குச்சி. மெல்லிய குச்சி தோலின் ஓரத்தில் படுத்துக்கிடந்து துள்ளும். அதன் ஒலி வறண்டது, கூரியது. தடித்த குச்சி நடுத்தோலில் விழும்போது எழுவது ஆழ்ந்த முழக்கம். தூரத்திலிருந்து கேட்போருக்கு முழக்கம் மட்டுமே எட்டுகிறது. தப்பை 'வெறும் முழக்கம்' என்றவர்கள் பெரும்பாலும் தூரத்திலிருந்தே கேட்டவர்கள் என்று கருத இடமுண்டு. அத்தூரம் அடிகளால் மட்டும் அளக்கப்பட்டதும் அன்று. அருகில் நின்றால் நிலைமை தலைகீழாகிறது. நடையைக் காப்பது மெல்லிய குச்சியே. கிளார்க்கின் தாளத்தட்டு செய்வதை அது செய்கிறது. ரோச்சின் கால்களுக்கு உரிய பொறுமை அதற்கு உண்டு. தடித்த குச்சி அந்த நடைக்குச் சற்றே பிந்தி விழுகிறது, அல்லது விழாமலே விடுகிறது. பெரட்டிற் சமனாக விழுந்த அதே அடி கூத்திற் பிந்தி விழும் அந்த நொடிப்பொழுதில், துரையின் நேரம் உடைபடுகிறது எனலாம். இது எமது வாசிப்பு. அடிப்பவர் இதனை 'ஆட்டத்துக்கு இடங்கொடுத்தல்' என்று சொல்லக்கூடும். இரண்டும் முரணல்ல.

ஊவாவின் குளிரும் இந்நுட்பத்தில் ஒரு பங்காளி. தீயிற் காய்ச்சிய தோல் முதலில் இறுகி உயர்ந்த சுருதியில் ஒலிக்கும். பனிமூட்டம் ஏறஏறத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். ஆட்டத்தின் நடுவே கருவி தன் குரலை இழந்துகொண்டே போகிறது. அடிப்பவன் குச்சி விழும் இடத்தையும் அடியின் கனத்தையும் மாற்றி மாற்றி அதனை ஈடுசெய்கிறான். தீமூட்டத்தருகே எப்போது ஒதுங்குவது, யார் நடையைத் தாங்கிக்கொள்வது என்பதிலும் ஒரு கூட்டுத்திட்டம் இருக்கிறது. செயற்கைத் தோல் இத்தொல்லையை நீக்குகிறது; தொல்லையோடு சேர்த்துக் கேள்வியின் ஒரு பகுதியையும் நீக்குகிறது.

காமன் கூத்தின் உச்சம் மன்மதன் எரியும் கட்டம். அதற்குமுன் தூதனும் வீரபத்திரனும் வரும்போது தப்பு முடுக்கிச் செல்வது யாவரும் அறிந்தது. விமர்சகன் கவனிக்கவேண்டியது எரிந்தபின் ரதி புலம்பும் இடத்தையே. அங்கு தடித்த குச்சி ஏறக்குறைய ஓய்ந்துவிட, மெல்லிய குச்சியின் வறண்ட ஓட்டம் புலம்பற்குரலுக்கு அடியில் ஊர்கிறது. பார்ப்போருக்கு அது தம் வீட்டுச் சாவை நினைவூட்டாமற் போகாது. சாவிலும் இதே தப்புத்தானே ஒலிக்கிறது. புராணத்தின் துயரமும் லயத்தின் துயரமும் சந்திப்பது பாடலின் சொல்லிலன்று, இந்தத் தாளத்திலேயே.

இங்கு ஓர் இடறலைக் கடக்காமல் மேற்செல்ல முடியாது. தப்படித்தவர்கள் தோட்டத்துத் தொழிலாளருள்ளும் சாதியால் ஒடுக்கப்பட்டவர்கள். வர்க்கம் என்ற சொல்லால் இதனை மூடிவிடுவது வசதியானது, ஆனால் நேர்மையானதன்று. சாவு வீட்டில் தப்படிக்க இளைஞர் மறுப்பதைப் 'பாரம்பரிய அழிவு' என்று புலம்பும் ஆய்வறிவாளர், அக்கடமை எவர்மீது எவரால் சுமத்தப்பட்டது என்று கேட்பதில்லை. ரோச்சும் தம் இசைக்கு வெளியார் சூட்டிய 'ஜாஸ்' என்ற பெயரை இழிவெனக் கருதினார். இசையை அவர் துறக்கவில்லை. மறுப்பும் கலையின் வரலாற்றைச் சேர்ந்ததே.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) கோயிலையும் நாதஸ்வரத்தையும் சார்ந்த மரபில் வந்தவர். அவரது பெயர் கடல்கடந்தும் நிற்கிறது. கிளார்க், ரோச் ஆகியோரை இசைத்தட்டும் விமர்சனமும் காத்தன. மார்க்சிய வரலாற்றாசிரியர் ஹொப்ஸ்போம் புனைபெயரில் ஜாஸ் விமர்சனம் எழுதி, 1959இல் அதுபற்றி நூலே வெளியிட்டார். தோட்டத்துத் தப்புக்கு இசைத்தட்டும் இல்லை, ஹொப்ஸ்போமும் இல்லை. கலைஞனின் பெயர் அவனது லயத்து வரிசைக்குள்ளேயே பிறந்து அங்கேயே மறைகிறது. லயமே மறைந்தால்?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தவில் மலை சரிந்து லயன்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. மக்களோ அங்கேயே வாழவிடப்பட்டனர். மண்ணுள் போன பலரின் உடல்கள் மீட்கப்படவில்லை. சாவுத் தப்பு வீட்டு வாசலிலிருந்து வழியாகப் புதைகுழிவரை செல்லும் ஒரு நடைவடிவம். வீடும் வழியும் உடலும் இருந்தால்தான் அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. மூன்றும் ஒருங்கே போன இடத்தில் அவ்வடிவம் எங்கே தொடங்கும் என்பதற்கு எமது அழகியற் கோட்பாடு எதனிடமும் விடையில்லை.

எஞ்சியிருப்போரிடமிருந்து இத்தாளங்களைப் பதிவுசெய்யும் வேலை பல்கலைக்கழகங்களால் செய்யக்கூடியது. பங்களிப்போரின் பெயரும், அவர்கள் வேண்டும் ஊதியமும் அதில் உறுதிசெய்யப்படல் வேண்டும். தொழில்நுட்பத்தில் ஒரே ஒரு வேண்டுகோள்: ஒலிவாங்கியைக் கூட்டத்துக்கு முன்னால் நிறுத்தினால் முழக்கம் மட்டுமே பதிவாகும். அதனை அடிப்பவரின் இடத்தோள் பக்கம், மெல்லிய குச்சிக்கு ஒரு முழத் தூரத்தில் வைக்கவேண்டும்.