‘சாமி’ என்னும் விளி: ‘கோவேறு கழுதைகள்’ நாவலில் நம்பிக்கையும் அன்றாடத் தெரிவுகளும்

நடுநாட்டின் நிலப்பரப்பில் கிறித்தவத்துக்கு மூன்று முகங்கள் உண்டு. விருத்தாசலத்துக்கு அருகிலுள்ள கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய பெரியநாயகி மாதா கோயில் முதலாவது. கிழக்கே நெய்வேலி நகரியத்தின் தேவாலயங்கள் இரண்டாவது. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவாகி, அடுத்த ஆண்டு மே 20 அன்று ஜவகர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தபின், செம்மண் மேட்டுச் சிற்றூர்களின் இடத்தில் வட்ட எண்ணும் வீட்டு எண்ணும் கொண்ட புதிய ஊர் எழுந்தது. பல மாவட்டங்களிலிருந்து வந்த கிறித்தவர்கள் அங்கே ஊழியர்களாயினர். மூன்றாவது முகம், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சிற்றூர்க் காலனிகளில் வாழும் ஏழைக் கத்தோலிக்கருடையது. இம்மூன்றாம் முகத்தைத் தமிழ் நாவலுக்குள் அழுத்தமாகக் கொண்டுவந்தவர் விருத்தாசலம் வட்டாரத்து எழுத்தாளரான இமையம். 1994இல் க்ரியா வெளியிட்ட ‘கோவேறு கழுதைகள்’ அவருடைய முதல் நாவல்.

இந்நாவல் பற்றிய விவாதம் பெரிதும் ஒரே கேள்வியைச் சுற்றி வந்துள்ளது. ஒடுக்கப்பட்டோருக்குள்ளும் ஒடுக்குமுறை உண்டு என்று காட்டுவது தலித் இலக்கியத்துக்குத் துணையா, ஊறா என்பதே அது. தலித் குடியிருப்புக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்தை மையமாகக் கொண்ட நாவலுக்கு இக்கேள்வி எழுவது இயல்பே. ஆயினும் அக்குடும்பம் கிறித்தவக் குடும்பம் என்பது பெரும்பாலான வாசிப்புகளில் தகவலாக மட்டும் நின்றுவிட்டது. ஆரோக்கியம், சவுரி, ஜோசப், பீட்டர், மேரி, சகாயம் என்னும் பெயர்கள் வட்டார நிறத்துக்கு இடப்பட்டவை போலவே கருதப்பட்டுள்ளன. ஆரோக்கியம் எடுக்கும் முடிவுகள் ஒவ்வொன்றிலும் அவளுடைய நம்பிக்கை தொழிற்படுகிறது என்பதும், நாவலின் துயரம் அவள் நம்பிக்கை இழப்பதால் விளைவதன்று, அதை விடாது பற்றியிருப்பதிலிருந்தே விளைகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதங்கள்.

ஒரு சொல், மூன்று முகவரி

நாவலில் மிகுதியாக ஒலிக்கும் சொற்களுள் ‘சாமி’ ஒன்று. ஆரோக்கியம் அந்தோணியாரை அழைப்பதும், பங்குக் குருவை அழைப்பதும், இரவுச் சோறு கேட்டு நிற்கும் வாசல்தோறும் காலனி மக்களை அழைப்பதும் அச்சொல்லால்தான். இறைவனுக்கும் குருவுக்கும் மேல்நிலையில் உள்ள மனிதருக்கும் ஒரே விளி வழங்குவது தமிழ் வழக்குக்குப் புதிதன்று. நிலவுடைமைச் சமூகத்தின் பேச்சில் அது வேரூன்றியது. ஆனால் நாவலாசிரியர் அவ்வழக்கைப் பதிவு செய்வதோடு நிற்கவில்லை. வேண்டுதலின் மொழியையும் இரத்தலின் மொழியையும் பிரித்தறிய முடியாதவாறு அருகருகே வைக்கிறார். புனிதரிடம் கேட்கும்போதும் சோற்றுக்குக் கேட்கும்போதும் ஆரோக்கியத்தின் குரல் ஒன்றே. தாழ்தல், தன் உரிமையை நினைவூட்டல், கேட்பவரின் பெருமையைக் கூறல், குறையைச் சொல்லி முறையிடல் என்னும் படிகள் இரண்டிலும் உள்ளன.

இங்கிருந்து இரு திசைகளில் முடிவு காணலாம். பணிவு பழகிய வாயில் இறைவேண்டலும் அடிமைச் சொல்லாகவே வரும் என்பது ஒன்று. மறுதலையாக, இறைவனையே உரிமையுடன் கேட்கப் பழகியவள் என்பதால்தான் வாசலில் நிற்கும்போதும் அவள் இரவலளாகக் கூனுவதில்லை எனலாம். முதல் வாசிப்பு எளிது. சமயத்தை மயக்கமருந்தாகக் காணும் பார்வைக்கு அது உடனே கைகொடுக்கும். ஆனால் பனுவல் இரண்டாவதன் பக்கமும் சாய்கிறது. தன் குடும்பம் இல்லாவிட்டால் பிறப்பும் இறப்பும் அக்காலனியில் முறையாக நடவா என்னும் உறுதி ஆரோக்கியத்திடம் உண்டு. பேறு பார்ப்பதும் சாவு வீட்டுக் கடன்களைச் செய்வதும் அவள் கையில் உள்ளன. வாழ்வின் இரு முனைகளிலும் அவள் நிற்கிறாள். கோயிலில் குரு நிற்கும் இடமும் ஏறத்தாழ அதுவே.

பீட்டரைக் குருத்துவத்துக்கு அனுப்ப வேண்டும் என்னும் அவளுடைய விருப்பத்தை இப்பின்னணியில்தான் பொருள்கொள்ள வேண்டும். மகன் படிக்கட்டும், பட்டினி தீரட்டும் என்னும் கணக்கும் அதில் இல்லாமலில்லை. ஆயினும் அதன் உள்ளீடு வேறு. ‘சாமி’ என்று விளிப்பவளின் மகன் ‘சாமி’ என்று விளிக்கப்படுபவனாவான். வாசலுக்கு வெளியே நிறுத்தும் கைகள் நற்கருணைக்காக அவன்முன் நீளும். சாதிய ஒழுங்கில் எக்காலத்திலும் நேராத ஒரு தலைகீழாக்கம் திருச்சபைக்குள் நேரக்கூடும் என்று எழுத்தறியாத அப்பெண் நம்புகிறாள். இறையியல் அவளுக்குத் தெரியாது. ஆனால் தாழ்ந்தோரை உயர்த்தும் இறைவன் என்னும் நற்செய்திக் கருத்தின் மிகக் கூர்மையான விளக்கத்தை அவள் தன் மகனின் வாழ்க்கையில் எழுத முயல்கிறாள். நாவலுக்குள் அம்முயற்சி கைகூடுவதில்லை. தமிழகக் கத்தோலிக்கருள் பெருந்தொகையினர் தலித்துகளாயிருந்தும் குருத்துவத்தில் அவர்கள் பங்கு குறைவு என்பது, நாவல் வெளிவந்த 1990களில் தலித் கிறித்தவ இயக்கங்கள் தொடர்ந்து எழுப்பிய முறையீடு. ஆகவே பீட்டரின் கதையை ஒரு சிறுவனின் மனமாற்றம் என்று மட்டும் வாசிப்பது போதாது.

வளனும் ஜோசப்பும்

இதே வட்டாரத்தில், இந்நாவலுக்கு ஏறத்தாழ இருநூற்றெழுபது ஆண்டுகள் முன்னர், உடலுழைப்பாளர் ஒருவரைத் தலைவராகக் கொண்டு ஒரு கிறித்தவக் காப்பியம் பிறந்தது என்பது நினைவுகூரத்தக்கது. 1726இல் நிறைவுற்றதாகக் கூறப்படும் ‘தேம்பாவணி’ சூசையப்பரை வளன் எனப் பெயரிட்டுப் பாடுகிறது. தச்சுத் தொழிலாளி காப்பியத் தலைவராவது தமிழ் மரபில் சிறிய செய்தியன்று. எனினும் காப்பிய இலக்கணம் தலைவனுக்கு உயர்குடிப் பிறப்பைக் கோரியது. நற்செய்தி கூறும் தாவீது வழிமரபு முனிவருக்கு அதற்கு உதவியது. அரச குருதியும் நாட்டுப் படலம், நகரப் படலம் என்னும் அணிகலன்களும் சேர்ந்தபின்னரே தச்சனின் கை காப்பியத்துக்குள் வருகிறது. விருத்தாசலத்து அம்மனுக்குரிய ‘பெரியநாயகி’ என்னும் பெயரையே மரியன்னைக்கும் சூட்டிய முனிவர், மண்ணின் மொழியில் நம்பிக்கையைப் பேசத் தெரிந்தவர். ஆயினும் மண்ணில் துணி வெளுப்பவர் அக்காப்பியத்தின் கண்ணில் படும் தொலைவில் இல்லை.

இமையத்தின் நாவலில் தலைமகன் பெயர் ஜோசப். இதை ஆசிரியர் திட்டமிட்டுச் செய்தார் என்று கொள்ளச் சான்றில்லை. கத்தோலிக்கக் குடும்பங்களில் மிகப் பரவலான பெயர் அது. ஆனால் வட்டாரத்தின் இலக்கிய வரலாற்றை நோக்குங்கால், அரச மரபு உதிர்ந்து உழைப்பு மட்டும் எஞ்சிய ஜோசப் அவன் எனலாம். திருமணத்துக்குப் பின் அவன் மனைவி சகாயத்துடன் ஊரைவிட்டு வெளியேறுகிறான். தாயின் பார்வையில் இது கைவிடுதல். மகனும் மருமகளும் காண்பது வேறு: சோற்றுக்கும் தானியத்துக்கும் ஊர்ப் பணி செய்யாமல், வெளுக்கும் துணிக்குக் காசு வாங்கும் வாழ்க்கை.

ஊழியம்

இவ்விடத்தில் நெய்வேலி மீண்டும் தொடர்புறுகிறது. நாவலின் கதைக்களம் நகரியமன்று; ஆனால் மாதச் சம்பளம், எண்ணிடப்பட்ட வீடு, பணிநேரம் முடிந்தால் முடிந்துபோகும் கடமை என்னும் புதிய வாழ்முறையை நடுநாட்டில் மிகப் பெரிய அளவில் நிலைநாட்டியது நெய்வேலிதான். காலனிக்குள் சலவைக் கடையும் தையற்கடையும் நுழைந்து ஆரோக்கியத்தின் குடிமைத் தொழிலைத் தேய்ப்பது அதே மாற்றத்தின் சிற்றுருவம்.

‘ஊழியம்’ என்னும் சொல் இம்மாற்றத்தின் வரலாற்றைத் தன்னுள் வைத்திருக்கிறது. திருவிதாங்கூரில் அது கூலியற்ற கட்டாய வேலையைக் குறித்தது. கிறித்தவர்களை ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் பெருஞ்சிக்கல்களுள் ஒன்று. சீர்திருத்தத் திருச்சபைகளின் தமிழில் அதே சொல் இறைப்பணியாயிற்று. நிறுவனங்களின் தமிழில் ‘ஊழியர்’ என்பவர் சங்கமும் ஊதிய ஒப்பந்தமும் உரிமைகளும் உடைய பணியாளர். நெய்வேலியில் ஒருவரே வார நாள்களில் ஒரு பொருளிலும் ஞாயிறன்று மற்றொரு பொருளிலும் ஊழியராக இருக்கலாம். ஆரோக்கியத்துக்கு இப்பிரிவினை வாய்க்கவில்லை. கட்டாய வேலையும் இறைப்பணியும் அவளிடம் ஒன்றாகக் கலந்துகிடக்கின்றன. காலனிக்குச் செய்வதைக் கைவிடுவது பாவம் என்னும் உணர்வு அவளிடம் இருப்பதாலேயே, கூலி குறைந்தபோதும் அவள் வெளியேறுவதில்லை. சேவை, தாழ்மை, பொறுமை என்று திருச்சபை போற்றும் பண்புகள், சாதியம் அவளிடம் எதிர்பார்க்கும் பண்புகளோடு அச்சொட்டாகப் பொருந்திவிடுகின்றன. ஒரே பண்பு நம்பிக்கையின் கனியாகவும் ஒடுக்குமுறையின் கருவியாகவும் இருக்கும்போது அதைப் போற்றுவதா, களைவதா? நாவல் எழுப்பும் கடினமான கேள்வி இது. இதற்கு ஆசிரியர் விடை தரவில்லை. தராததைக் குறையாகக் கண்டோர் உண்டு. ஆரோக்கியத்தின் இடத்தில் நின்று பார்த்தால் அது நேர்மையே.

வெளியேறும் வழியிலும் தடைகள் இருந்தன. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிவுபடுத்தப்பட்டது, கிறித்தவருக்கு விரியவில்லை. புதிரை வண்ணார் தமிழகப் பட்டியல் சாதிகளுள் ஒன்றாயினும், கிறித்தவராக அறிவித்துக்கொள்ளும் புதிரை வண்ணார் பிற்படுத்தப்பட்டோர் வரிசையில்தான் வைக்கப்படுவார். மைய அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்டோருக்கான ஒதுக்கீடு 1993இல்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே நெய்வேலி போன்ற மையப் பொதுத்துறைத் தொழிலகம் ஒன்றின் வாயிலில் அதற்குமுன் ஒரு ஜோசப்போ பீட்டரோ நின்றிருந்தால், பெயரிலேயே தெரியும் நம்பிக்கை அவனுக்குரிய ஒதுக்கீட்டை இல்லாமலாக்கியிருக்கும். விண்ணப்பப் படிவத்தில் ‘மதம்’ என்னும் கட்டத்தில் என்ன எழுதுவது என்பது நடுநாட்டு ஏழைக் கிறித்தவரின் அன்றாடத் தெரிவுகளுள் மிகக் கூரியது. பெயரை மாற்றாமல் வைத்திருப்பதே அங்கே ஓர் அறிக்கைதான். பிள்ளைகளுக்கு ஆரோக்கியம் இட்ட பெயர்களை வட்டார நிறம் என்று கடந்துபோக இயலாமைக்கு இதுவும் காரணம்.

மௌனத்தின் இடம்

மேரி காலனியைச் சார்ந்த ஒருவனால் பாலியல் வன்முறைக்கு ஆளாகும் பகுதியில் ஆரோக்கியத்தின் நம்பிக்கை மிகக் கடுமையான சோதனைக்குள்ளாகிறது. நிகழ்ந்தது வழக்காக மாறுவதில்லை. யாரிடம் முறையிடுவது என்பதே தாய்க்கும் மகளுக்கும் தெரியவில்லை. கேட்க வேண்டியவர்களே ‘சாமி’ என்று அழைக்கப்படுபவர்கள். இங்கே புனிதரிடம் அழுவது ஆறுதல் தரலாம், நீதி தருவதில்லை. ஆரோக்கியம் கற்ற கிறித்தவத்தில் வேண்டுதலுக்கு இடமுண்டு, குற்றச்சாட்டுக்கு இடமில்லை என்பது இப்பகுதியில் வெளிப்படுகிறது.

நாவலுக்கு இரண்டாண்டு முன்னர், 1992இல் வெளியான பாமாவின் ‘கருக்கு’ இக்குறையைப் பெயரிட்டுச் சொல்கிறது. அன்புள்ளவர், இரக்கமுள்ளவர் என்று இறைவனைக் கற்பித்தவர்கள், அநீதியைக் கண்டு சினப்பவர் என்று கற்பிக்கவில்லை என்பது அந்நூலின் மைய முறையீடுகளுள் ஒன்று. மடத்தில் சேர்ந்ததும் ஏழாண்டுகளுக்குப்பின் வெளியேறியதும் ஒரே நம்பிக்கையின் பெயரால் எடுக்கப்பட்ட இரு முடிவுகளாக அங்கே அமைகின்றன. பனங்கருக்கையும் விவிலியத்தின் இருபுறமும் கூரிய வாளையும் இணைக்கும் தலைப்பும் அதற்கேற்றதே. கல்வி பெற்ற கன்னியரால் திருச்சபையை நோக்கி அவ்வாளை நீட்ட முடிந்தது. ஆரோக்கியத்தின் கையில் ஒப்பாரி மட்டுமே உள்ளது. ஆனால் அவ்வொப்பாரியை வெறும் புலம்பலாகக் கொள்வதும் தவறு. விவிலியத்தின் புலம்பற் பாக்கள் இறைவனையே கேள்விக்கு உட்படுத்துபவை. பிறர் வீட்டுச் சாவுகளில் மாரடித்துப் பழகிய ஆரோக்கியம் தன் வாழ்வுக்காக அழும்போது, கோயிலில் கற்காத அந்நீதிக் குரல் ஒப்பாரி வடிவில் திரும்பி வருகிறது. ‘கோவேறு கழுதைகள்’ நாவலின் சமய மொழியை ஆராய விழைவோர் மன்றாட்டுகளைவிட ஒப்பாரிகளைத்தான் முதலில் நோக்க வேண்டும்.

வேதநாயகம் பிள்ளை முதலாகத் தமிழ்க் கிறித்தவ உரைநடை அன்றாட ஒழுக்கத்தைப் பேசிவந்துள்ளது. கையூட்டு வாங்காமை, பெண்கல்வி, நடுவுநிலை முதலியன அதன் பொருள்கள். அவை பதவியும் வீடும் உடையவர் முன் நிற்கும் தெரிவுகள். ஒருவகையில் நெய்வேலி வட்டங்களின் தெரிவுகளும் அவையே. ஆரோக்கியத்தின் முன் நிற்பவை அவ்வகையின அல்ல. அழுக்குத் துணி மூட்டையை இன்றும் எடுக்கச் செல்வதா, வேண்டாமா? மிஞ்சிய சோற்றை வாங்கிக்கொண்டு வாழ்த்துவதா, திட்டிவிட்டுத் திரும்புவதா? அந்தோணியார் கோயிலுக்குக் குடும்பமாக நடந்த நம்பிக்கை நிறைந்த பயணத்தோடு தொடங்கும் நாவல், பிள்ளைகள் மூவரும் உடனில்லாமல் ஆரோக்கியமும் சவுரியும் வெளுக்கும் துறைக்கு நடப்பதில் முடிகிறது. அந்நடையிலும் அவள் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களை மாற்றிக்கொள்ளவில்லை. சுமையை இறக்கி வைக்கவும் இல்லை.