பழுப்பேறிய பஞ்சு

நீர்ச்செடிகள் வளரும் மீன்தொட்டியின், அதாவது செடித்தொட்டியின், அழகைப் பேசுகிறவர்கள் ஃபில்டரை மட்டும் படத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறார்கள். இந்தக் கலையின் பெரிய வாத்தியார் ஜப்பானின் நீகாட்டாக்காரரான தகாஷி அமானோ (1954–2015). அவருடைய தொட்டிகளில் கருவி என்று தண்ணீருக்குள் தெரிவது கண்ணாடிக் குழாய் மட்டும்தான். ஃபில்டர் கீழே எங்கோ மறைந்திருக்கும். லிஸ்பன் நீர்க்காட்சியகத்தில் 2015இல் அவர் அமைத்த தொட்டி 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர் தண்ணீர். அதன் முன்னால் நிற்பவருக்கு வடிகட்டி என்ற நினைப்பே வராது. நம் வீட்டு மேஜைமேல் இருக்கும் 30 லிட்டர் தொட்டிக்கு அந்தச் சொகுசு ஏது? அதன் முதுகில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி தொங்கிக்கொண்டுதான் இருக்கும். அந்தப் பெட்டியையும் ரசிக்கலாம் என்பது என் கட்சி.

பெட்டிக்குள் நடப்பது சிக்கலில்லாத வேலை. சின்ன மோட்டார் ஒன்று தண்ணீரை இழுக்கிறது. அது கார்ட்ரிட்ஜுக்குள் புகுந்து வெளியேறி, விளிம்பு தாண்டித் தொட்டியில் விழுகிறது. கார்ட்ரிட்ஜ் என்பது ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதன்மேல் போர்த்திய வெள்ளைப் பஞ்சு, உள்ளே ஒரு பிடி கரித்தூள். மாதம் ஒருமுறை மாற்றுங்கள் என்று அட்டையில் அச்சடித்திருப்பார்கள். மாற்றினால் விற்கிறவருக்கு நல்லது. மீனுக்கு நல்லதா என்பது வேறு விஷயம்.

பஞ்சு குப்பையைத் தடுக்கிறது என்பது பாதி உண்மைதான். மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கிறது. தின்னாமல் விட்ட தீனியும் அழுகிய இலையும் அதைக் கூட்டுகின்றன. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பஞ்சின் இழைக்கு இழை ஒட்டிக் குடியிருக்கின்றன. இந்தக் குடித்தனக்காரர்கள் யார் என்பதே நெடுநாள் சரியாகத் தெரியாது. நைட்ரைட்டைக் கையாள்வது நைட்ரோபாக்டர் என்று புத்தகங்கள் எழுதிவந்தன. 1998இல் டிமோத்தி ஹோவனெக்கும் கூட்டாளிகளும் நன்னீர்த் தொட்டிகளை ஆராய்ந்து, அங்கே அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று காட்டினார்கள். 2011இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வு, பெரும்பாலான நன்னீர்த் தொட்டி ஃபில்டர்களில் அம்மோனியாப் பக்கம் பாக்டீரியாவைவிட ஆர்க்கியா என்ற வேறு குலமே மிகுதி என்றது. 2015இல் இரண்டு வேலையையும் ஒரே ஆளாகச் செய்யும் நைட்ரோஸ்பைராவே அகப்பட்டது, அதுவும் ஒரு மீன் வளர்ப்பு அமைப்பின் ஃபில்டரில். இத்தனை பேருக்கு ஆராய்ச்சிப் பொருளான ஒன்றைக் குழாயடியில் வைத்து பிரஷ் போட்டுத் தேய்க்கிறார்களே என்று எனக்கு மனசு ஆறுவதில்லை.

இவை நிதானமாகப் பெருகுகிற ஜாதி. சாதாரணக் குடல் பாக்டீரியா அரை மணிக்குள் இரட்டித்துவிடும்; இவற்றுக்கு அரை நாளோ ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். புதுத் தொட்டி நிலைக்கு வர நாலைந்து வாரம் பிடிப்பது இதனால்தான். சரளையிலும் இலைகளிலும் கொஞ்சம் குடியிருப்பு உண்டு என்றாலும், சின்னத் தொட்டியில் பெரும்பகுதி அந்த ஒற்றைக் கார்ட்ரிட்ஜில் இருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பளிச்சென்று புதியதைச் செருகினால், தொட்டி பழையபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறது. காரத்தன்மையுள்ள போர் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவத்தில் இருக்காது; பிஎச் 8 என்றால் ஏறக்குறைய 5 பங்கு இருக்கும். பழைய பஞ்சை ஏன் தூக்கிப் போடக்கூடாது என்பதற்கு, பழைய தயிரில் ஒரு கரண்டியை உறைக்கு எடுத்துவைக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஆகவே கார்ட்ரிட்ஜைச் சுத்தம் செய்வது என்பது முழுக்கச் சுத்தமாகாமல் பார்த்துக்கொள்ளும் வித்தை. முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். தண்ணீரில்லாமல் ஓடினால் மோட்டார் போய்விடும். தொட்டியிலிருந்து டியூப் வைத்து இறக்கிய தண்ணீர் பக்கெட்டில் இருக்குமே, அதில் ஒரு மக். குழாயில் வரும் மாநகராட்சித் தண்ணீர் ஆகாது. அதில் குளோரின் போடுவதே கிருமியைக் கொல்லத்தான். நல்லது கெட்டது பார்த்துக் கொல்ல அதற்குத் தெரியாது. கார்ட்ரிட்ஜை மேல்விளிம்பில் பிடித்து, ஆட்டாமல் உயர்த்தி, கூச்சப்படாமல் முகர்ந்து பார்க்கலாம். நன்றாக இருக்கிற பஞ்சில் ஈர மண் வாசனை வரும். அழுகின முட்டை வாடை அடித்தால், உள்ளே எங்கோ ஆக்ஸிஜன் எட்டவில்லை என்று பொருள்.

மக்கில் இறக்கி இடமும் வலமுமாக இரண்டு அசைப்பு. காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் அழுக்கு சுருள்சுருளாகக் கழன்று வரும். பிழியக்கூடாது, நகத்தால் சுரண்டக்கூடாது. கலங்கல் அடியில் தங்கியதும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு கூட்டமே இருக்கும்: சதை கரைந்து நரம்பு மட்டும் மிஞ்சிய ரொட்டாலாச் செடியின் இலை, குண்டூசித் தலையளவு நத்தை ஓடு, நூலிழையாக நெளியும் வெள்ளைப் புழு, விட்டுவிட்டுத் துள்ளும் கண்ணுக்கு எட்டியும் எட்டாத பூச்சிகள். முகம் சுளிக்க வேண்டியதில்லை. பழைய தொட்டியில் இவை இருப்பது இயல்பு. கிரிப்டோகோரைன் செடி தன் இலையைக் கரைத்துக் கொட்டியதும், தீனி போடுகிறவர் கை தாராளமானதும் இந்த மக்கில் தெரிந்துவிடும்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் கைப்பழக்கம். கனத்த கசடு போய், பஞ்சின் பழுப்பு மட்டும் மிச்சமிருக்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். வெள்ளை தெரிய ஆரம்பித்தால் அலசியது அதிகம். மக்குத் தண்ணீர் செம்பருத்திக்கு. கார்ட்ரிட்ஜைச் செருகி, பெட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி, ஸ்விட்சைப் போட்டால், காற்றை விழுங்கிக் கடகடவென்று ஒரு சத்தம். பிறகு அது தணிந்து, தண்ணீர் விழுகிற ஓசை மட்டும் மிஞ்சும்.

எப்போது அலசுவது என்பதற்குக் காலண்டர் பார்க்கிறவர்கள் உண்டு. நான் பெட்டிக்குள் நீர்மட்டத்தைப் பார்க்கச் சொல்வேன். பஞ்சு அடைத்துக்கொண்டால் தண்ணீர் கார்ட்ரிட்ஜுக்குப் பின்னால் ஏறி, மேல்வழியாகக் குறுக்கே ஓடிவிடும். அதற்கு ஒரு விரற்கடை முன்பே கவனிக்கிறவர் தேர்ந்தவர்.

கார்ட்ரிட்ஜின் உள்ளே இருக்கும் கரி நம் ஊர்ச் சொந்தக்காரர். தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு, நீராவியில் பதப்படுத்தினால், ஒரு கிராம் கரிக்குள் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்புக்கு நுண்துளைகள் கிடைக்கும். காங்கேயம் பக்கம் சிரட்டைக் கரி பெரிய தொழில். ஆனாலும் செடித்தொட்டியில் அதற்கு நிரந்தர வேலை இல்லை. அம்மோனியாவை அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. சில வாரங்களில் துளைகள் நிரம்பிச் சும்மா உட்கார்ந்திருக்கும். மீனுக்கு மருந்து போடும்போது இருந்தால் மருந்தையே உறிஞ்சிவிடும். மருந்து முடிந்தபின் மிச்சத்தை எடுக்கவும், மரக்கட்டை இறக்கிய தேநீர் நிறத்தைப் போக்கவும் மட்டும் கரி போதும். மற்ற நாட்களில் கார்ட்ரிட்ஜின் ஓரத்தை பிளேடால் கீறிக் கரியைக் கொட்டிவிட்டு, பெரிய துளையுள்ள ஸ்பாஞ்ச் துண்டைத் திணித்துவிடுகிறவர்கள்தான் விஷயம் தெரிந்தவர்கள். ஸ்பாஞ்ச் வருஷக்கணக்கில் உழைக்கும்.

செடி இருந்தால் ஃபில்டரே எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அமெரிக்கரான டயானா வால்ஸ்டாட் 1999இல் வெளியிட்ட தம் நூலில், நீர்ச்செடிகள் நைட்ரேட்டைவிட அம்மோனியத்தையே விரும்பி எடுக்கின்றன, ஃபில்டர் அவற்றின் சாப்பாட்டில் பங்குக்கு வருகிறது என்று வாதிட்டார். அடர்ந்து வளர்ந்த தொட்டிக்கு அது பொருந்தும். ஆனால் செடி கத்தரித்த வாரத்திலும், இலை உருகும் வாரத்திலும் பாரத்தைத் தாங்குவது அந்தப் பழுப்புப் பஞ்சுதான்.

நீண்ட மின்வெட்டு வந்தால் ஓடாத பெட்டிக்குள் ஆக்ஸிஜன் தீர்ந்துபோகும். கார்ட்ரிட்ஜை எடுத்துத் தொட்டிக்குள்ளேயே போட்டுவையுங்கள். பஞ்சு நைந்து மாற்றியே தீர வேண்டும் என்றாலும் இதே வழிதான்: புதியதைச் செருகிவிட்டு, பழையதை ஒரு மாதமாவது தண்ணீரில் விட்டுவையுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று வீட்டில் சொன்னால், செடிக்குப் பின்னால் தள்ளிவிடுங்கள்; குப்பைக்கூடைக்கு மட்டும் அனுப்பாதீர்கள்.