கிரகணம் என்னும் மேசை விளக்கு

ஒரு விளக்கைக் குறித்துத் திறனாய்வா என்று வாசகர் வியக்கலாம். வீட்டில் புழங்கும் பொருளும், நூலைப் போலவே, அதனை ஆக்கியவர் மனிதரை எவ்வாறு எண்ணினார் என்பதைக் காட்டிவிடுகிறது. எனவே அதனை மதிப்பிடும் உரிமை நமக்குண்டு.

மிலான் நகரக் கட்டடக் கலைஞர் விக்கோ மஜிஸ்ட்ரெட்டி 1965ஆம் ஆண்டில் வடிவமைக்க, ஆர்டெமிடே நிறுவனம் தயாரித்த ‘எக்லிஸ்ஸே’ என்னும் மேசை விளக்கையே இங்குக் குறிப்பிடுகிறோம். இத்தாலிய மொழியில் அச்சொல்லுக்குக் கிரகணம் என்பது பொருள். விளக்கின் உயரம் 18 சென்டிமீட்டரே. அரைக்கோளமாக ஓர் அடிப்பகுதி, அதன்மேல் அசையாத உலோக வெளிக்கவசம், அதனுள் பல்பைச் சுற்றித் திரும்பும் உட்கவசம், இவ்வளவுதான். உட்கவசத்தைத் திருப்பத் திருப்ப ஒளி பிறைபோல் தேய்ந்து, முடிவில் விளிம்பில் ஒரு கீற்றாக நிற்கும். மின்சாரத்தைக் குறைக்கும் கருவி எதுவும் இல்லை. அருகில் ஒருவர் உறங்க, மற்றவர் படிப்பதற்கு இதனினும் எளிய ஏற்பாடு அரிது. 1967இல் இத்தாலியின் ‘கொம்பாஸோ தோரோ’ விருது இதற்குக் கிடைத்ததில் வியப்பில்லை.

இதன் கருத்து எங்கிருந்து பிறந்தது என்பது நம் வாசகர்க்குச் சுவையூட்டும். ஒளியை அணைக்காமலே தகட்டால் மறைத்துக்கொள்ளும் பழங்காலக் கைவிளக்கு ஒன்றுண்டு. விக்டர் ஹியூகோவின் நாவலை எண்ணி, ஜீன் வல்ஜீனோடு அக்கைவிளக்கைச் சேர்த்தே மஜிஸ்ட்ரெட்டி நினைவுகூர்ந்தார். சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் தந்த நாவல்தான் அது. 1950இல் நாகையா நடிக்கத் திரைப்படமாகவும் வந்தது.

ஆனால் ஆயரின் வெள்ளிப் பொருள்களைத் திருடச் சென்ற அவ்விரவில் வல்ஜீனின் கையில் எரியும் விளக்கு ஏதுமில்லை. சுரங்கத் தொழிலாளர் மெழுகுதிரி பொருத்தும் கூரிய இரும்புத் தண்டு ஒன்றே இருந்தது, திரியில்லாமல். அவன் கட்டிலருகே நின்றபோது மேகம் விலக, நிலவொளி சாளரத்தின் வழியே உறங்கும் ஆயரின் முகத்தில் விழுகிறது. திருடனின் கைவிளக்கைவிட அந்த நிலவே இவ்விளக்கிற்கு நெருங்கிய உறவு என நாம் துணிகிறோம். பெயரும் அதற்குச் சான்றன்றோ?

இத்துணை புகழ்ந்த பின்னும் ஒரு குறையை மறைத்தல் நேர்மையாகாது. பழைய இழை பல்பு வெளிச்சத்தைவிட வெப்பத்தையே மிகுதியாகத் தருவது. சிறிய உலோகக் கவசம் அதனை நெருங்கிச் சூழ்ந்திருக்க, நேரமாக ஆகத் தகடு கொதிக்கும். ஒளியைக் குறைக்கவோ அத்தகட்டையே விரலால் தொட வேண்டும். பிறர் உறக்கம் கெடாதிருக்க விரும்புபவரின் விரல்தான் சுடுபடுகிறது! வடிவின் தூய்மை கெடுமென்று ஒரு சிறு மரக்குமிழைக்கூட வைக்காது விட்டதை நாம் பிழையென்றே சொல்வோம். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இவ்விளக்கு இடம்பெற்றிருப்பதும் நம் கருத்தை மாற்றவில்லை. அருங்காட்சியகத்தில் அதனை எவரும் தொடுவதில்லை.

இன்றும் இது விற்பனையில் உள்ளது. எல்.இ.டி. பல்பைப் பொருத்தினால் சூடு பெரிதும் தணிந்துவிடுகிறது. விரலைக் காத்த பெருமை மட்டும் பல்பு செய்தவர்களைச் சேரும்.