இரட்சணிய யாத்திரிகத்தில் துன்பமும் நம்பிக்கையும்

நல்லோர் நலிவதையும் தீயோர் தழைப்பதையும் கண்ணெதிரே காணும்போது, இறைவன் நீதியுடையவன் என்னும் நம்பிக்கை எதனைப் பற்றி நிற்கும்? கிறித்தவ மறையில் யோபின் ஆகமம் 42 அதிகாரங்களில் இவ்வினாவையே பேசுகின்றது. குற்றமற்ற யோபு மக்களை இழந்தான், செல்வத்தை இழந்தான், உடல்நலமும் இழந்தான். தேற்ற வந்த நண்பர்களோ, 'நீ பாவம் செய்திருப்பாய். ஆதலின் துன்புறுகின்றாய்' என்று வாதிட்டனர். யோபையும் கடிந்து வினவும் கடவுள், முடிவில் சினங்கொள்வது தமக்காக வழக்காடிய அந்நண்பர்மேல்தான். முறையிடுதல் நம்பிக்கையின்மை ஆகாது என்பதை இதனினும் தெளிவாகக் கூற இயலாது.

இவ்வினாவுக்குத் தமிழ்க் காப்பியம் ஒன்று தந்த விடையை ஈண்டு ஆராய முற்படுகிறோம். அக்காப்பியம் எச். ஏ. கிருட்டிணபிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம். 1827-இல் நெல்லைச் சீமையின் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனிலும் ஆழ்வார் பாசுரங்களிலும் தோய்ந்து, 1858-இல் கிறித்தவ நெறி தழுவியவர் இப்புலவர். 'நற்போதகம்' இதழில் பல்லாண்டுகள் தொடராக வெளிவந்த இந்நூல், 1894-இல் நூலுருப் பெற்றது.

இதன் முதனூல் ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்'. உரிமமின்றிச் சமயவுரை நிகழ்த்தினார் என்னும் குற்றத்துக்காக 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டுச் சிறையில் கிடந்தவர் பனியன். 1678-இல் வெளிவந்த அவர் நூலில், நீதியின்மை ஓர் ஏட்டுச் செய்தியாக இல்லை. மாயச் சந்தையில் பொய்ச் சான்றும் பகைகொண்ட நடுவரும் கூடி நேர்மையாளன் ஒருவனைத் தீக்கிரையாக்குகின்றனர். அவனைக் காக்கும் அற்புதம் யாதும் அவ்விடத்து நிகழவில்லை.

எனினும் ஓரிடத்தில் முதனூலுக்கும் வழிநூலுக்கும் பெருவேற்றுமை உண்டு. பனியன் சிலுவையடியை ஒருசில வரிகளில் கடந்துவிடுகிறார். பயணி சிலுவையைக் காண்கிறான், முதுகுச் சுமை கழன்று உருள்கிறது, அவன் மேலே நடக்கிறான். நம் புலவரோ அவ்விடத்தில் விரைய மறுக்கிறார். குமார பருவத்து இரட்சணிய சரிதப் படலத்தில், இயேசுபிரான் பட்ட பாடுகளை விரித்துப் பாடுகிறார். வழிநடைக் கதையை நிறுத்திவைத்து இதனைப் பாடியது ஏன்? பயணியின் துயருக்கு விடை ஒரு கொள்கையில் இல்லை, ஒருவரிடத்தில் உள்ளது என்று அவர் கருதினார் என்பதே நம் துணிபு.

அப்படலத்தில் இயேசு கட்டுண்டு நிற்கின்றார்; கொடியோர் இகழ்கின்றனர். கண்டு வருந்துவோர் கூறுவதைப் புலவர் மறைக்கவில்லை. 'இந்தப் பூமி இன்னும் வெடிக்கவில்லையே! வானம் இடிந்து வீழவில்லையே! கடல் வற்றவில்லையே! உலகம் அழியத் தாமதிப்பது என்ன காரணமோ!' என்னும் பொருள்பட அவர்கள் புலம்புகின்றனர். இது யோபின் குரலே. அப்புலம்பலை அடக்க எந்த ஞானியையும் புலவர் அனுப்பவில்லை என்பது கருதத்தக்கது.

இங்குக் கம்பனை நினைத்தல் வேண்டும். காடேகுமாறு பணிக்கப்பட்ட இராமன், வெகுண்டெழுந்த இலக்குவனுக்குக் கூறும் ஆறுதல் யாது? நீர் வற்றியது ஆற்றின் குற்றமன்று. அதுபோல நிகழ்ந்தது யார் குற்றமும் அன்று, விதியின் குற்றம் என்பதே. கம்பனைக் கற்றுத் தேர்ந்த கிருட்டிணபிள்ளைக்கோ இவ்வாறுதல் கைகொடுக்காது. எல்லாம் வல்லவனும் நீதியுள்ளவனும் ஆகிய ஒரு கடவுளை ஏற்றபின், பழியை விதியின்மேல் ஏற்றிவிட்டு அமைதலுக்கு இடமில்லை. ஆகவே அவர் நெறியில் வினா இன்னும் கூர்மையுறுகின்றது.

விதி இருந்த இடத்தில் அவர் வைப்பது அன்பு. 'இவரைப் பிணித்தது கயிறு என்று எண்ணாதீர். தம்மைப் பகைத்த மாந்தரை நினைந்து உருகும் அன்பே இவரைப் பிணித்தது. அதனை நீக்க இயலாமல் ஓர் ஏழை போல ஒடுங்கி நின்றார்' என்ற கருத்தில் ஒரு பாடல் அமைந்துள்ளது. யசோதையின் சிறு கயிற்றுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்த கண்ணனை மதுரகவியாழ்வார் பாடிய மரபு இங்கு உயிர்க்கின்றது என்று கூறுதல் மிகையன்று. ஆயினும் அங்கே கட்டியது தாயின் கை; இங்கே கட்டியது பகைவர் கை. பழைய உவகை புதிய துயரத்தைத் தாங்க வந்திருக்கிறது.

இவ்விடை துன்பத்தின் காரணத்தை விளக்கவில்லை. விளக்கியதாக நடிக்கவும் இல்லை. அநீதியை அநீதி என்றே ஒப்புக்கொண்டு, அதனுள் இறைவனும் நிற்கின்றான் என்று மட்டும் காட்டுகின்றது. நம்பிக்கைக்குப் பற்றுக்கோடு இதுவே.

குறைகளும் இல்லாமல் இல்லை. வடசொல் மிகுதி இன்றைய வாசகரைத் தடுக்கும். குணங்களே மாந்தராய் நடமாடும் உருவகப் பகுதிகளில், அவர் படும் துயர் நம் நெஞ்சைத் தொடுவது அரிது. ஆயின் இடையிடையே தேவாரம் என்னும் பெயரில் அமைந்த இசைப்பாக்களில் புலவர் தம் குரலிலேயே இறைவனிடம் மன்றாடும்போது, அக்குறை பெரிதும் நீங்கிவிடுகின்றது.

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மிடையே உழைப்புக்கேற்ற உயர்வு பெறாதவர் உண்டு. இளமையிலேயே துணையை இழந்தவர் உண்டு. பெற்றோரின் இறுதி முகம் காண இயலாமற் போனவரும் உண்டு. 'எல்லாம் நன்மைக்கே' என்று அவர்களிடம் விரைந்து கூறுதல் யோபின் நண்பர் செய்த பிழையாகும். அருகமர்ந்து, அவர் முறையீட்டை முழுதும் கேட்டல் நன்று. கிறித்தவரும் பிறரும் ஒருங்கே பயிலத்தக்க இக்காப்பியத்தை நம் இல்லங்களில் இளையோர்க்கு வாசித்துக் காட்டுவோமாக. சிலுவையடியில் நின்று புலம்பியவர்களின் குரலை ஒரு சொல்லும் குறைக்காமல் வாசிப்போமாக.